ஏலக்காயை டெஸ்ட் பண்றாங்க... எடுத்த கையை யார் பார்க்கிறது? போடி மலையும் பெரிய கம்பெனிகளின் பொறுப்பும்

2023 ஜனவரி. மகரவிளக்குக்குச் சில நாட்களே இருந்தன. சபரிமலையில் அரவணைப் பாயசம் விற்பனை திடீரென நிறுத்தப்பட்டது. 6 லட்சத்துக்கும் மேற்பட்ட டின்கள் அப்படியே முடங்கின. காரணம், பாயசத்தில் மணத்துக்காகப் போடும் ஏலக்காய். அதைப் பரிசோதித்ததில் 14 பூச்சிக்கொல்லிகளின் எச்சம் அனுமதிக்கப்பட்ட அளவைத் தாண்டி இருந்ததாக உணவுப் பாதுகாப்பு ஆணையத்தின் அறிக்கை சொன்னது. விற்கக் கூடாது என்று கேரள உயர் நீதிமன்றம் உத்தரவிட்டது. தேவசம் போர்டு ஏலக்காயே சேர்க்காமல் புது அரவணை தயாரித்து விற்றது. 2024 மார்ச்சில் உச்ச நீதிமன்றம் அந்த உயர் நீதிமன்ற உத்தரவை ரத்து செய்தது தனிக்கதை.

அதற்கு அடுத்த மாதமே இன்னொரு மசாலா செய்தி. எத்திலீன் ஆக்ஸைடு இருப்பதாகச் சொல்லி, எம்.டி.ஹெச்., எவரெஸ்ட் நிறுவனங்களின் சில மசாலாக்களை ஹாங்காங் நிறுத்தியது. எவரெஸ்ட்டின் மீன் குழம்பு மசாலாவைத் திரும்பப் பெறச் சொன்னது சிங்கப்பூர். வாட்ஸ்அப் குரூப் எல்லாம் பரபரத்தது உங்களுக்கு ஞாபகம் இருக்கும்.

இரண்டு முறையும் நாம் கேட்ட கேள்வி ஒன்றுதான்: இதைச் சாப்பிடலாமா, கூடாதா? நியாயமான கேள்வி. ஆனால் காய்ந்து, மூட்டை கட்டி, ஊர் தாண்டி, டப்பாவுக்குள் வந்த பிறகும் கண்டுபிடிக்கிற அளவுக்கு எச்சம் மிச்சம் இருக்கிறது என்றால், அந்த மருந்தை அடித்த அன்று அங்கே நின்றவர் எவ்வளவு சுவாசித்திருப்பார்? மறுநாள் அதே செடிக்கு அடியில் குத்துக்காலிட்டு உட்கார்ந்து காய் எடுத்தவர் கையில் எவ்வளவு ஒட்டியிருக்கும்? இதைக் கேட்க எந்த லேபும் இல்லை. கேட்க வேண்டியது யாருடைய வேலை என்பதுதான் இந்தக் கட்டுரை.

விடியும் முன் கிளம்பும் ஜீப்

தேனி மாவட்டம் போடிநாயக்கனூர். சுருக்கமாக, போடி. 2023 ஜூனில் மறுபடியும் ரயில் வந்தபோது ஊரே கொண்டாடியதே, அந்த ஊர்தான். ஊரின் அடையாளம் ஏலக்காய். ஆனால் ஏலக்காய் பெரும்பாலும் விளைவது ஊரில் இல்லை, மேலே. போடியிலிருந்து முந்தல் செக்போஸ்ட் தாண்டி, 17 கொண்டை ஊசி வளைவுகள் ஏறினால் போடிமெட்டு. அதைத் தாண்டினால் கேரளா. பூப்பாறை, சாந்தன்பாறை, உடும்பன்சோலை, நெடுங்கண்டம், வண்டன்மேடு என்று இடுக்கி மாவட்டம் முழுக்க நீளும் ஏலமலை. இந்தியாவின் ஏலக்காயில் மிகப் பெரும் பங்கு இங்கிருந்துதான் வருகிறது.

அங்கே வேலை பார்க்கும் கைகளில் பல கீழே இருந்து போகிறவை. போடி, தேவாரம், கம்பம், உத்தமபாளையம் பக்கத்துக் கிராமங்களிலிருந்து, பெரும்பாலும் பெண்கள், விடியும் முன்பே சோறு பொங்கி டப்பாவில் கட்டிக்கொண்டு ஜீப்புக்குக் காத்திருக்கிறார்கள். ஏழெட்டுப் பேர் உட்கார வேண்டிய வண்டியில் அதைப் போல இரண்டு மடங்கு ஏறுவது வாடிக்கை. போடிமெட்டு, கம்பம்மெட்டு, குமுளி என்று மூன்று மலைப்பாதைகளில் தினம் இது நடக்கிறது. ஜீப் கவிழ்ந்த செய்தி வந்தால் சில நாள் போலீஸ் சோதனை கடுமையாக இருக்கும். அப்புறம் பழையபடிதான்.

வேலை எப்படி இருக்கும்? ஏலக்காய் மரத்தில் தொங்குவதில்லை. செடியின் தூரிலிருந்து தரையை ஒட்டிச் சரம் படரும், அதில்தான் காய். குனிந்தோ உட்கார்ந்தோ, பழுத்த பதத்தைப் பார்த்துப் பார்த்து எடுக்க வேண்டும். ஒரே செடியில் 30, 40 நாள் இடைவெளியில் திரும்பத் திரும்பக் காய் எடுப்பு வரும். மழைக்காலம்தான் சீசன், ஈரம், குளிர், அட்டை. பச்சைக்காய் சுமார் 5 கிலோ உலர்த்தினால் ஒரு கிலோ ஏலக்காய். இலைப்பேனும் காய் துளைப்பானும் இந்தப் பயிருக்குப் பெரிய எதிரிகள் என்பதால் ஆண்டுக்குப் பல சுற்று மருந்து. பளிச்சென்ற பச்சை, புள்ளி இல்லாத தோல் வேண்டும் என்று சந்தை கேட்கக் கேட்க, மருந்துச் சுற்றும் கூடும். நாம் கடையில் 'நல்ல பச்சையா குடுங்க' என்று கேட்பதும் இதில் சேர்த்திதான்.

இன்னொரு சிக்கல் மாநில எல்லை. வீடு தமிழ்நாட்டில், வேலை கேரளாவில். 2011 டிசம்பரில் முல்லைப் பெரியாறு விவகாரம் கொதித்தபோது தோட்டங்களில் இருந்த தமிழ்த் தொழிலாளர்கள் பலர் பயந்து மலை இறங்கி ஓடி வந்தார்கள். 2020 ஊரடங்கில் எல்லை மூடப்பட, வேலையும் கூலியும் நின்றன. சாதாரண நாளிலும், ஒரு பிரச்சினை என்றால் தேனி கலெக்டரிடம் போவதா, இடுக்கி அதிகாரியிடம் போவதா என்பதே முதல் குழப்பம்.

ஏலம் முடிந்ததும் பெயர் காணாமல் போகும் இடம்

தமிழில் 'ஏலம்' என்றால் இரண்டு அர்த்தம். ஒன்று ஏலக்காய், இன்னொன்று ஏலம் விடுவது. போடியில் இரண்டும் ஒரே ஹாலில் சந்திக்கின்றன.

ஸ்பைசஸ் போர்டு நடத்தும் மின்னணு ஏலம் போடியிலும், மலைக்கு அந்தப் பக்கம் புற்றடியிலும் நடக்கிறது. விவசாயி தன் காயை லைசென்ஸ் வாங்கிய ஏல நிறுவனத்திடம் கொடுப்பார். அது ஒரு 'லாட்' ஆகும், அதற்கு ஒரு எண் விழும். சாம்பிள் பாக்கெட் வியாபாரிகளின் மேஜைக்கு வரும். அவர்கள் கையில் கொட்டி நிறம் பார்ப்பார்கள், சைஸ் பார்ப்பார்கள் (7 மில்லிமீட்டரா, 8 மில்லிமீட்டரா என்பதில் விலையே மாறும்), லிட்டர் வெயிட் பார்ப்பார்கள். கம்ப்யூட்டரில் விலை ஏறும். சில நொடிகளில் லாட் முடிந்துவிடும்.

அதன் பிறகு அந்தக் காய் வியாபாரியின் குடோனுக்குப் போகிறது. பல லாட்டுகள் கலக்கின்றன. சுத்தம் செய்து, சலித்து, உடைசல் பொறுக்கித் தரம் பிரிக்கிறார்கள். இங்கேயும் பெரும்பாலும் பெண்கள்தான். பிறகு டெல்லிக்கோ, மும்பைக்கோ, வளைகுடாவுக்கோ, ஒரு பெரிய மசாலா அல்லது டீ கம்பெனியின் ஆலைக்கோ போகிறது.

இந்தப் பாதையில் எந்தத் தகவல் பயணிக்கிறது, எது நிற்கிறது என்று பாருங்கள். நிறம், சைஸ், எடை கடைசி வரை போகின்றன. வாங்குபவர் கேட்டால் மருந்து எச்ச அறிக்கையும் கூடவே போகும். விவசாயி யார் என்பது ஏல நிறுவனத்துக்குத் தெரியும், அவருக்குப் பணம் கொடுக்க வேண்டுமே. ஆனால் அது லாட் எண்ணோடு நின்றுவிடுகிறது. காய் எடுத்தவர் யார், கூலி என்ன, மருந்தடித்தவருக்கு மாஸ்க் இருந்ததா என்பதெல்லாம் ஹாலுக்குள்ளேயே நுழைவதில்லை.

'எங்களால் டிரேஸ் பண்ண முடியாது, சப்ளை செயின் ரொம்ப சிக்கலானது' என்று கம்பெனிகள் சொல்வதில் பாதி உண்மை இருக்கிறது. மீதிப் பாதி இது: எதை டிரேஸ் பண்ணாவிட்டால் சரக்கு துறைமுகத்தில் நிற்குமோ, அதை டிரேஸ் பண்ண வழி கண்டுபிடித்துவிட்டார்கள்.

சரி, தோட்டம் அவங்களோடது இல்லையே?

பலரும் கேட்பது இது. ஒரு பிஸ்கட் கம்பெனி ஏலத்தில் வியாபாரியிடம் ஏலக்காய் வாங்குகிறது. தோட்டக்காரர் வேறு, ஜீப்காரர் வேறு. இதில் கம்பெனியை எப்படிப் பிடிப்பது?

2011 ஜூன் 16 அன்று ஐ.நா. மனித உரிமைகள் கவுன்சில் ஏற்றுக்கொண்ட வழிகாட்டு நெறிகள் இதற்குத்தான் பதில் சொல்கின்றன. பேராசிரியர் ஜான் ரகி தலைமையில் உருவானவை. மனித உரிமையைப் பாதுகாப்பது அரசின் கடமை. மதிப்பது கம்பெனியின் பொறுப்பு. மீறல் நடந்துவிட்டால் பாதிக்கப்பட்டவருக்குப் பரிகாரம் கிடைக்க வழி இருக்க வேண்டும். இதுதான் அதன் சாரம்.

இதில் முக்கியமான இடம், 'சொந்தத் தோட்டமா?' என்ற கேள்வியோடு பொறுப்பு முடிவதில்லை என்பது. கம்பெனியே தோட்டம் நடத்தி, பாதுகாப்புக் கவசம் இல்லாமல் மருந்தடிக்க வைத்தால் அது நேரடிக் காரணம். விலையை நசுக்கி, டெலிவரி தேதியை நெருக்கி, சப்ளையரை அந்த நிலைக்குத் தள்ளினால் அதில் பங்கு இருக்கிறது. இரண்டுமே இல்லை, ஆனால் அந்தக் காய் உன் பாக்கெட்டுக்குள் இருக்கிறது என்றால், தொடர்பு இருக்கிறது. உன்னிடம் இருக்கும் வாங்கும் பலத்தை வைத்து நிலைமையை மாற்ற முயல வேண்டும். எங்கே ஆபத்து இருக்கிறது என்று முன்கூட்டியே தேடிப் பார், தடு, அதைப் பற்றி வெளியே சொல் என்பதற்குத்தான் 'டியூ டிலிஜென்ஸ்' என்று பெயர். வீடு வாங்கும் முன் வில்லங்கம் பார்ப்பது மாதிரி. ஆனால் இங்கே வில்லங்கம் நமக்கு அல்ல, இன்னொருவர் உடம்புக்கு.

ஐ.நா. நெறிகளுக்குச் சட்ட பலம் கிடையாது. அதனால் சில நாடுகள் சட்டமே போட்டன. பிரான்ஸ் 2017-ல், ஜெர்மனி 2021-ல் (2023 முதல் அமல்). ஐரோப்பிய ஒன்றியத்தின் பொதுச் சட்டம் 2024 ஜூலையில் நடைமுறைக்கு வந்தது. மறு வருடமே அதைத் தள்ளிவைக்கவும், குறைவான கம்பெனிகளுக்கு மட்டும் பொருந்தும்படி சுருக்கவும் வேலை ஆரம்பித்துவிட்டது. தொழில்துறையின் அழுத்தம் எவ்வளவு வேகமாக வேலை செய்யும் என்பதற்கு இதைவிட உதாரணம் வேண்டாம்.

பரிகாரம்: கொடைக்கானல் கற்றுக்கொடுத்த கணக்கு

கம்பெனியின் சொந்த ஆலை என்றால் எல்லாம் சுலபமா? இல்லை. தேனிக்கு மேலே இருக்கிற கொடைக்கானலில் இந்துஸ்தான் லீவர் நடத்திய தெர்மாமீட்டர் ஆலை, மெர்க்குரி கழிவு விவகாரம் வெடித்து 2001-ல் மூடப்பட்டது. மெர்க்குரியால் உடல்நலம் கெட்டதாக முன்னாள் தொழிலாளர்கள் சொன்னார்கள். நிறுவனம் தொடர்ந்து மறுத்தது. 2015-ல் சோஃபியா அஷ்ரஃப்பின் ராப் வீடியோ வைரல் ஆனது உங்களில் பலருக்கு ஞாபகம் இருக்கலாம். 2016 மார்ச்சில்தான் 591 முன்னாள் தொழிலாளர்களுடன் உடன்பாடு ஏற்பட்டது, தொகை வெளியிடப்படாமல்.

15 ஆண்டுகள். அங்கே முதலாளி யார் என்பதில் சந்தேகமே இல்லை. பெயர்ப்பலகை இருந்தது, வருகைப் பதிவேடு இருந்தது, ஆலை ஒரே இடத்தில் இருந்தது. அதற்கே அவ்வளவு காலம். இன்று பூப்பாறையில் ஒரு தோட்டம், நாளை நெடுங்கண்டத்தில் வேறொரு தோட்டம் என்று ஜீப் போகும் இடத்துக்குப் போய், இடையில் ஏல ஹாலும் குடோனும் கடந்து, ஒரு பிராண்டிடம் போய்ச் சேர வேண்டிய புகாருக்கு எவ்வளவு காலம் ஆகும்?

நம்ம ஊர் சட்டம் என்ன சொல்கிறது?

சட்டமே இல்லை என்று சொல்ல முடியாது. 1951 தோட்டத் தொழிலாளர் சட்டத்துக்குள் ஏலத்தோட்டமும் வந்தது. குடிநீர், கழிப்பறை, மருத்துவம், குழந்தைகள் காப்பகம், வீடு எல்லாம் அதில் உண்டு. 2010-ல் ஒரு நல்ல பிரிவைச் சேர்த்தார்கள்: பூச்சிமருந்தைக் கையாளும்போது தொழிலாளியின் பாதுகாப்புக்கு முதலாளிதான் ஏற்பாடு செய்ய வேண்டும், மருந்தோடு புழங்குபவர்களுக்குக் குறிப்பிட்ட இடைவெளியில் மருத்துவப் பரிசோதனை வேண்டும், அவர்களின் உடல்நலப் பதிவேட்டை வைத்திருக்க வேண்டும். அரவணை ஏலக்காய்க்கு எடுத்த டெஸ்டுக்கு இணையான, மனிதருக்கான டெஸ்ட் பேப்பரில் ஏற்கனவே இருக்கிறது என்று அர்த்தம்.

ஓட்டை எங்கே? 5 ஹெக்டேரோ அதற்கு மேலோ உள்ள தோட்டத்துக்குத்தான் அந்தச் சட்டம். ஏலமலையில் ஒன்றிரண்டு ஏக்கர் வைத்திருப்பவர்கள் ஏராளம். பழைய சட்டம் இப்போது 2025 நவம்பர் 21 முதல் நடைமுறைக்கு வந்த புதிய தொழிலாளர் சட்டத் தொகுப்புக்குள் கரைந்துவிட்டது. 5 ஹெக்டேர் கோடு மட்டும் கரையவில்லை.

கூலி என்று வந்தால், சட்டத்தைவிடத் தெரு அதிகம் சாதித்திருக்கிறது. 2015 செப்டம்பரில் மூணாறில், கண்ணன் தேவன் கம்பெனியின் தேயிலைத் தோட்டப் பெண்கள், பெரும்பாலும் தமிழ்ப் பெண்கள், 'பெம்பிளை ஒருமை' என்ற பெயரில் சாலையில் உட்கார்ந்தார்கள். கம்பெனி 10% போனஸ் என்றது. அவர்கள் 20% கேட்டார்கள். ஆண் தொழிற்சங்கத் தலைவர்களைப் பக்கத்திலேயே விடவில்லை. போனஸும் கருணைத்தொகையுமாகச் சேர்த்து 20% வாங்கினார்கள். அடுத்த மாதம் கேரளத் தோட்டக் கூலி பேச்சுவார்த்தையில் தேயிலைக்கு 232 ரூபாயாக இருந்த தினக்கூலி 301 ஆனது. ஏலத்தோட்டத்துக்கு 330. தேயிலைப் பெண்கள் போட்ட கோஷத்தில் ஏலக்காய் எடுப்பவருக்கும் சம்பளம் கூடியது.

பெரிய கம்பெனிகளுக்கு வருவோம். பங்குச்சந்தையில் இருக்கும் முதல் 1,000 கம்பெனிகள் ஒவ்வொரு ஆண்டும் 'பி.ஆர்.எஸ்.ஆர்.' என்ற பொறுப்பு அறிக்கையைக் கொடுக்க வேண்டும் என்று செபி 2022-23 நிதியாண்டிலிருந்து கட்டாயமாக்கியது. அதில் 'பிரின்சிபிள் 5' முழுக்க மனித உரிமை. கேட்க நன்றாக இருக்கிறது. உள்ளே போனால், கட்டாயக் கேள்விகள் கம்பெனியின் சொந்த ஆலை, அலுவலகம் பற்றியவை. சப்ளையர்களிடம் குழந்தைத் தொழில், கூலி, பாலியல் தொல்லை பற்றி ஆய்வு செய்தீர்களா என்ற கேள்வி 'லீடர்ஷிப்' என்ற விருப்பப் பகுதியில் இருக்கிறது. பதில் சொல்லாமல் விட்டாலும் தப்பில்லை.

2023-ல் முதல் 250 கம்பெனிகள் சப்ளையர் விவரமும் தர வேண்டும் என்று செபி சொன்னது. பிறகு அதைத் தளர்த்தி, 2025 மார்ச்சில் விருப்பமிருந்தால் தரலாம் என்று ஆக்கிவிட்டது. அதிலும் கம்பெனியின் மொத்தக் கொள்முதலில் அல்லது விற்பனையில் 2 சதவீதமோ அதற்கு மேலோ இருக்கும் பார்ட்னர்கள்தான் கணக்கு. கோதுமையும் சர்க்கரையும் எண்ணெயும் மலைபோல் வாங்கும் ஒரு உணவு கம்பெனிக்கு, போடி ஏலக்காய் வியாபாரி ஒருவர் 2 சதவீதத்தை எட்டுவாரா? ஏலக்காய் எடை குறைவு, அளவு குறைவு. டீயில் கிள்ளிப் போடுகிற பொருள். அந்தக் கிள்ளலிலேயே ஜீப் முழுவதும் கணக்கிலிருந்து விழுந்துவிடுகிறது. பண மதிப்பை வைத்து ஆபத்தை அளந்தால் இதுதான் நடக்கும். ஐ.நா. நெறிகள் அளக்கச் சொல்வது, மனிதருக்கு வரும் பாதிப்பு எவ்வளவு கடுமையானது என்பதை.

பக்கத்து மாவட்டத்தில் நடந்தது

'இதெல்லாம் நடைமுறைக்கு ஒத்துவராது' என்று சொல்பவர்களை போடியிலிருந்து பஸ் ஏற்றி திண்டுக்கல் அனுப்பலாம்.

திண்டுக்கல் மாவட்டத்தில் ஈஸ்ட்மேன் எக்ஸ்போர்ட்ஸ் குழுமத்தின் நாச்சி அப்பேரல்ஸ், வெளிநாட்டு பிராண்டுகளுக்குத் துணி தைத்துக்கொடுத்த ஆலை. 2021 ஜனவரியில் அங்கே வேலை பார்த்த இளம் தலித் பெண் ஒருவர் கொல்லப்பட்டார். கைதானவர் அதே ஆலையின் சூப்பர்வைசர். ஆலைக்குள் பாலியல் தொல்லை வெகுகாலமாக நடந்ததாகச் சக தொழிலாளர்கள் பேச ஆரம்பித்தார்கள். அதற்கு முன்பும் ஆடிட் நடந்திருக்கும், சான்றிதழ்கள் இருந்திருக்கும். ஆடிட்டர் ஒரு நாள் வந்து போகிறவர். சூப்பர்வைசர் தினமும் இருப்பவர்.

தலித் பெண்கள் முன்னின்று நடத்தும் தமிழ்நாடு டெக்ஸ்டைல் அண்ட் காமன் லேபர் யூனியன், சர்வதேசத் தொழிலாளர் அமைப்புகள் இரண்டோடு சேர்ந்து, ஓராண்டுக்கும் மேல் போராடியது. 2022 ஏப்ரலில் 'திண்டுக்கல் ஒப்பந்தம்' கையெழுத்தானது. ஆலை நிர்வாகம் ஒரு பக்கம். ஹெச் அண்ட் எம், பிறகு கேப், பி.வி.ஹெச். ஆகிய பிராண்டுகள் இன்னொரு பக்கம். இரண்டு ஆலைகளில் 5,000-க்கும் மேற்பட்ட தொழிலாளர்கள் இதற்குள் வந்தார்கள்.

இதில் புதுசு என்ன? வழக்கமான 'நடத்தை விதி'களை ஒரு கம்பெனி தானே எழுதி, தானே சுவரில் ஒட்டிக்கொள்ளும். இது சட்டப்படி கட்டுப்படுத்தும் ஒப்பந்தம். ஆலை விதியை மீறினால் பிராண்ட் ஆர்டரைக் குறைக்க வேண்டும், அதாவது மீறலுக்கு பிசினஸ் விலை உண்டு. 25 தொழிலாளர்களுக்கு ஒருவர் என்று தொழிலாளர்களிலிருந்தே கண்காணிப்பாளர்கள், யூனியன் பயிற்சியோடு. புகார் சொன்னால் பழிவாங்கக் கூடாது. முதல் ஆண்டில் 185 புகார்கள் வந்தன. அவற்றில் 98% தீர்க்கப்பட்டதாக முதலாண்டு அறிக்கை சொன்னது. நடுவில் 2022 ஜூலையில் நாச்சியின் சரக்கை அமெரிக்கச் சுங்கத்துறை கட்டாய உழைப்புப் புகாரில் தடுத்து, ஒப்பந்தம் வேலை செய்வதைப் பார்த்து செப்டம்பரில் விலக்கியது. புகார் அதிகமாக வந்ததை நான் நல்ல செய்தியாகத்தான் பார்க்கிறேன். புகாரே வராத இடம்தான் பயமுறுத்துகிறது.

ஆலையில் முடிந்தது மலையில் முடியுமா? அப்படியே தூக்கிக்கொண்டு போக முடியாது. அங்கே ஒரே கூரை, ஒரே கேட். இங்கே ஆயிரக்கணக்கான தோட்டங்கள். பணியிடப் பாலியல் தொல்லைத் தடுப்புச் சட்டம் முதலாளி ஏற்பாடு செய்யும் வாகனத்தையும் பணியிடமாகவே கருதுகிறது; ஆனால் ஜீப்பை ஏற்பாடு செய்தது தோட்டக்காரரா, ஆள் கூட்டிப் போகிறவரா என்று கேட்டால் ஒருவர் இன்னொருவரைக் கை காட்டுவார்கள். இருந்தும் ஒரு விஷயம் மலைக்குச் சாதகம். திண்டுக்கல்லில் இல்லாத ஒரு பொது வாசல் இங்கே இருக்கிறது: ஏல ஹால். பெருமளவு காய் போடி, புற்றடி என்ற இரண்டு இடங்கள் வழியாகப் போகிறது. லாட் எண்ணோடு எச்ச அறிக்கை போக முடிகிறது என்றால், தோட்டத்தின் கூலிப் பதிவேடும் மருத்துவப் பரிசோதனைப் பதிவும் போவதற்குத் தொழில்நுட்பத் தடை எதுவும் இல்லை. வாங்குபவர் கேட்க வேண்டும், அவ்வளவுதான்.

கேட்டால் மட்டும் போதாது, விலையும் கொடுக்க வேண்டும். இதை விவசாயிகள் தரப்பிலிருந்து பார்த்தால்தான் புரியும். 2019 ஆகஸ்ட்டில் புற்றடி ஏலத்தில் ஒரு கிலோ அதிகபட்சமாக 7,000 ரூபாய்க்குப் போனது. அடுத்த மூன்று ஆண்டுகளுக்குள் சராசரி விலை 1,000 ரூபாய்க்குக் கீழே இறங்கியது. கூலியும் உரமும் மருந்தும் அப்படி இறங்கவில்லை. இரண்டு ஏக்கர்காரரிடம் 'மாஸ்க் வாங்கு, செக்கப் பண்ணு, பில் வை' என்று புதுச் செலவைத் தள்ளிவிட்டு அதே விலைக்கு வாங்கினால், அவர் அதை எங்கே குறைப்பார்? ஜீப்பில்தான். பத்துப் பேர் வர வேண்டிய நாளில் ஆறு பேர். அல்லது இன்னும் மலிவான ஆள்.

உங்களால் என்ன பார்க்க முடியும்?

நீங்கள் ஒரு லிஸ்டட் கம்பெனியில் வேலை பார்ப்பவராக இருந்தால், உங்கள் கம்பெனியின் ஆண்டறிக்கையை போனில் டவுன்லோட் பண்ணி 'பிரின்சிபிள் 5' என்று தேடுங்கள். கட்டாயப் பகுதியில் பெரும்பாலும் 100%, 'புகார் எதுவும் இல்லை' என்று வரும். கீழே லீடர்ஷிப் பகுதிக்கு வந்து, சப்ளையர் பற்றிய கேள்விக்கு என்ன எழுதியிருக்கிறார்கள் என்று பாருங்கள். அங்கே எத்தனை சதவீதம், எந்தப் பொருள், யார் ஆய்வு செய்தார்கள் என்பதைக் கேட்க நீங்கள் பங்குதாரராக இருந்தால் போதும்.

இந்திய வாடிக்கையாளருக்கு இல்லாத ஓர் உரிமை நார்வே சட்டத்தில் இருக்கிறது. 2022 ஜூலை 1 முதல் அமலில் உள்ள அந்த நாட்டின் வெளிப்படைத்தன்மைச் சட்டப்படி, யார் வேண்டுமானாலும் ஒரு பெரிய நார்வே கம்பெனிக்கு எழுதி, உங்கள் சப்ளை செயினில் மனித உரிமைப் பாதிப்புகளை எப்படிக் கையாள்கிறீர்கள் என்று கேட்கலாம். பொதுவாக மூன்று வாரத்துக்குள் பதில் வர வேண்டும். நார்வேக்கும் ஏலமலைக்கும் என்ன சம்பந்தம் என்கிறீர்களா? இடுக்கி மாவட்டம் அடிமாலியில் 1983-ல் எம்.இ. மீரான் ஆரம்பித்த ஈஸ்டர்ன் மசாலாவின் பெரும்பான்மைப் பங்கை 2021-ல் வாங்கியது ஆஸ்லோவைத் தலைமையிடமாகக் கொண்ட ஒர்க்லா. அந்த நிறுவனம் தவறு செய்தது என்று இதற்கு அர்த்தம் இல்லை. அதே மலையில் பிறந்த ஒரு பிராண்டைப் பற்றிக் கேட்க, ஆஸ்லோ சட்டம் கதவைத் திறந்து வைத்திருக்கிறது. நம் சட்டம் இன்னும் திறக்கவில்லை.

கடைசியாக ஜீப். 2025 ஜூலை 29 அன்று உச்ச நீதிமன்றம் ஒரு முக்கியமான தீர்ப்பு கொடுத்தது. மகாராஷ்டிராவில் 2003-ல் சர்க்கரை ஆலைக்கு வேலைக்குப் போகும் வழியில் விபத்தில் இறந்த காவலாளி ஒருவரின் குடும்பம் தொடர்ந்த வழக்கு. வேலைக்குப் போகும்போதும் வரும்போதும் நடக்கும் விபத்து, வேலையோடு தொடர்புடையது என்று சூழ்நிலை காட்டினால், ஊழியர் இழப்பீட்டுச் சட்டத்துக்குள் வரும் என்றது நீதிமன்றம். போடிமெட்டு வளைவில் ஒரு ஜீப் உருண்டால் இந்தத் தீர்ப்பைக் காட்டி இழப்பீடு கேட்கலாம். ஆனால் அந்தக் குடும்பம் முதலில் நிரூபிக்க வேண்டியது, அன்று அவர் எந்தத் தோட்டத்துக்குப் போய்க்கொண்டிருந்தார் என்பதை. சர்க்கரை ஆலைக் காவலாளியின் பெயர் ஒரு பதிவேட்டில் இருந்தது. ஜீப்பில் ஏறுபவரின் பெயரை எழுதிவைக்க ஒரு நோட்டும் பேனாவும் போதும். அதை முதலில் வாங்கித் தருவது தோட்டக்காரரா, ஏல நிறுவனமா, பாக்கெட்டில் தன் பெயரைப் போடுகிற கம்பெனியா என்பதுதான் இப்போது போடியில் முடிவாக வேண்டிய விஷயம்.